சாட்ஸ்வொர்த் மாளிகை: ஊரிலிருந்து வருகிறவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள்

நான் இங்கிலாந்தில் ஷெஃபீல்டில் குடியிருக்கிறேன். ஊரிலிருந்து அத்தை மாமா வந்தாலும் சரி, கல்லூரி நண்பர்கள் வந்தாலும் சரி, லண்டனைச் சுற்றி முடித்த கையோடு என் வீட்டுக்கு வந்து இரண்டு நாள் தங்குவார்கள். அவர்களை நான் முதலில் கூட்டிப்போகும் இடம் சாட்ஸ்வொர்த். காரில் முக்கால் மணி நேரம். போகும் வழியெல்லாம் கேள்வி, உள்ளே போனால் இன்னும் கேள்வி. ஆள் மாறினாலும் கேள்விகள் அதிகம் மாறுவதில்லை என்பதால் பதில்களை எழுதியே வைத்துவிட்டேன்.

சாட்ஸ்வொர்த் எங்கே இருக்கிறது?

இங்கிலாந்தின் நடுப்பகுதியில், டெர்பிஷயரில், பீக் டிஸ்ட்ரிக்ட் என்ற மலைப்பிரதேசத்தின் ஓரத்தில் இருக்கிறது. பக்கத்தில் உள்ள டவுன் பேக்வெல். வீட்டுக்கு முன்னால் டெர்வென்ட் ஆறு ஓடுகிறது. பின்னால் மரங்கள் அடர்ந்த சரிவு, அதற்கும் மேலே புதர் மண்டிய மேட்டுநிலம். அந்த மேட்டுநிலத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே தோட்டத்தில் காட்டும் தண்ணீர் வேடிக்கைகள் எல்லாம் அங்கிருந்துதான் இறங்கி வருகின்றன. தோட்டம் மட்டும் 105 ஏக்கர். மானும் செம்மறியாடும் மேயும் பூங்கா 1,000 ஏக்கர்.

வீடு டெர்பிஷயரில் இருக்கும்போது, உரிமையாளர் எப்படி டெவன்ஷயர் டியூக் ஆனார்?

நியாயமான கேள்வி. டெவன் தென்மேற்கு மூலையில் இருக்கும் வேறொரு மாவட்டம். இங்கே பட்டம் ஒரு பக்கம், நிலம் ஒரு பக்கம். குடும்பப் பெயர் கேவண்டிஷ். 1618-இல் ‘டெவன்ஷயர் ஏர்ல்’ என்ற பட்டம் கிடைத்தது, 1694-இல் அது ‘டியூக்’ ஆக உயர்ந்தது. அரச குடும்பத்துக்கு அடுத்தபடியாக, பிரபுக்களில் மிக உயர்ந்த படி டியூக்தான். கேவண்டிஷ் என்ற பெயரையும் நினைவில் வையுங்கள், பிறகு வாழைப்பழக் கடையில் தேவைப்படும்.

முதலில் இதைக் கட்டியது யார்?

ஒரு பெண். ஹார்ட்விக் பெஸ் என்றுதான் சரித்திரத்தில் பெயர். பெரிய செல்வம் இல்லாத குடும்பத்தில் பிறந்து, நான்கு முறை திருமணம் செய்து, ஒவ்வொரு கணவர் போகும்போதும் முன்னைவிடப் பணக்காரியாக நின்றவர். இரண்டாவது கணவர் சர் வில்லியம் கேவண்டிஷ். எட்டாம் ஹென்றி மடாலயங்களைக் கலைத்துச் சொத்துகளைப் பறிமுதல் செய்தபோது, கணக்கு எடுக்கப் போன அதிகாரிகளில் ஒருவர். அந்த வேலையில் இருந்தவர்கள் யாரும் ஏழையாகத் திரும்பவில்லை.

மனைவியின் சொந்த மாவட்டத்திலேயே நிலம் வாங்கலாம் என்று முடிவானது. 1549-இல் 600 பவுண்டுக்கு சாட்ஸ்வொர்த்தை வாங்கினார்கள். 1552-இல் கட்டட வேலை தொடங்கியது. ஆறு பெருக்கெடுக்கும் பள்ளத்தாக்கு, பின்னால் வெறும் மேட்டுக்காடு, இங்கே போய் யாராவது மாளிகை கட்டுவார்களா என்று அந்தக் காலத்தில் கேட்டிருப்பார்கள். 1557-இல் கணவர் இறந்துபோனார். பெஸ் வேலையை நிறுத்தவில்லை, வீட்டை முடித்தார். பின்னாளில் ஹார்ட்விக்கில் இன்னொரு பெரிய மாளிகையும் எழுப்பி, 1608-இல் காலமானார். அவர் கட்டிய சாட்ஸ்வொர்த் வீடு இன்று இல்லை. மேலே காட்டுக்குள் தலைநீட்டி நிற்கும் வேட்டைக் கோபுரம் மட்டும் அவர் காலத்தது. வேட்டையை வேடிக்கை பார்க்கக் கட்டியது. கால் வலி இல்லாதவர்கள் அதுவரை ஏறிப் போய்விட்டு வரலாம்.

ஸ்காட்லாந்து ராணி மேரியை இங்கேதான் சிறை வைத்தார்களாமே?

ஆமாம், ஆனால் தொடர்ச்சியாக அல்ல. பெஸ்ஸின் நான்காவது கணவரான ஷ்ரூஸ்பரி ஏர்லிடம்தான் முதலாம் எலிசபெத், மேரியைக் காவலில் ஒப்படைத்தார். 1569 முதல் 1584 வரை பதினைந்து வருடம். அவர்களுக்குச் சொந்தமான பல வீடுகளுக்கு மாற்றி மாற்றி மேரியைக் கொண்டுபோனார்கள், சாட்ஸ்வொர்த் அதில் ஒன்று. பாதாளச் சிறை எதையும் எதிர்பார்க்காதீர்கள். ராணிக்குரிய பரிவாரத்தோடு வைக்கப்பட்ட காவல் அது. ஆற்றோரத்தில் ஒரு கல் மேடை இருக்கிறது, மேரியின் பெயரால்தான் அழைக்கிறார்கள். அந்தக் காவல் செலவும் தலைவலியும் சேர்ந்து பெஸ்ஸுக்கும் கணவருக்கும் இடையே பேச்சுவார்த்தையே இல்லாமல் போய்விட்டது.

அப்படியானால் இப்போது நாம் பார்க்கும் வீட்டைக் கட்டியது யார்?

முதலாம் டியூக். ஆள் கொஞ்சம் கோபக்காரர். இரண்டாம் ஜேம்ஸ் மன்னரின் அரண்மனையிலேயே ஒரு கர்னலோடு கைகலப்பில் இறங்கி, 30,000 பவுண்டு அபராதம் வாங்கிக்கொண்டவர். அந்தக் காலத்தில் அது ஒரு மாளிகையின் விலை. அபராதத்தைக் கட்டாமல் சாட்ஸ்வொர்த்துக்கு வந்து உட்கார்ந்து, 1687-இல் தெற்குப் பக்கத்தை இடித்துக் கட்ட ஆரம்பித்தார். அடுத்த வருடமே, மன்னரை மாற்ற ஹாலந்திலிருந்த ஆரஞ்சு வில்லியமுக்கு அழைப்புக் கடிதம் அனுப்பிய ஏழு பேரில் ஒருவரானார். வில்லியம் வந்தார், ஜேம்ஸ் ஓடினார், அபராதம் ரத்தானது, 1694-இல் டியூக் பட்டமும் கிடைத்தது.

தெற்குப் பக்கத்தோடு நிறுத்துவதாகத்தான் திட்டம். வீடு கட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஒரு சுவரில் கை வைத்தால் எங்கே போய் நிற்கும் என்று. தெற்கு முடிந்ததும் கிழக்கு, அப்புறம் மேற்கு, கடைசியாக வடக்கு. நான்கு பக்கமும் முடிந்த 1707-இல் அவரும் காலமானார். தெற்கையும் கிழக்கையும் வில்லியம் டால்மன் வடிவமைத்தார், வடக்குப் பக்கம் தாமஸ் ஆர்ச்சருடையது.

மாலை வெயிலில் போனால் மேற்கு முகப்பைப் பாருங்கள். ஜன்னல் சட்டங்களுக்கு வெளிப்பக்கம் தங்க ரேக்கு ஒட்டியிருக்கிறது. உள்ளே நுழைந்ததும் வரும் பெரிய கூடத்தில் சுவரும் விதானமும் முழுக்க ஜூலியஸ் சீசரின் கதை, லூயி லகேர் என்ற பிரெஞ்சுக்காரர் வரைந்தது. சீசர் என்று வரைந்தாலும், புதிய மன்னர் வில்லியமைக் குளிர்விக்கத்தான் வரைந்தார்கள்.

கதவில் தொங்கும் அந்த வயலின் நிஜமா?

இல்லை. ஒரு அறையில் கதவு பாதி திறந்திருக்கும், அதற்குப் பின்னால் இன்னொரு கதவில் வயலினும் வில்லும் ஆணியில் தொங்கும். ஆணிக்கு நிழல், நாடாவுக்கு நிழல், வயலினின் வயிற்றில் பளபளப்பு, எல்லாமே வர்ணம். 1723 வாக்கில் யான் வான் டெர் வார்ட் வரைந்தது. லண்டனில் குடும்பத்துக்கு இருந்த டெவன்ஷயர் மாளிகையிலிருந்து இங்கே கொண்டுவந்து மாட்டினார்கள். என் மாமா கயிற்றுத் தடுப்புக்கு வெளியே நின்று தலையை இடமும் வலமும் ஆட்டி ஆட்டிப் பார்த்தார். “அடப்பாவி, கம்பிகூட வரைஞ்சதுதானா?” என்றார். பக்கத்தில் நின்ற பணியாளருக்குத் தமிழ் தெரியாது, ஆனாலும் சிரித்துவிட்டார்.

இவ்வளவு பணம் எங்கிருந்து வந்தது? நம்மிடமிருந்து அடித்ததுதானே?

கேட்காமல் ஒருவரும் வீடு திரும்புவதில்லை. இந்த வீட்டைப் பொறுத்தவரை அடிப்படைப் பணம் உள்நாட்டுப் பணம். மடாலய நிலங்கள், குத்தகை வாடகை, ஈயச் சுரங்கம், பதினெட்டாம் நூற்றாண்டில் எக்டன் என்ற இடத்துச் செப்புச் சுரங்கம். நாலாம் டியூக் பர்லிங்டன் பிரபுவின் மகளைக் கட்டியதால் லண்டனிலும் யார்க்ஷயரிலும் சொத்து, அயர்லாந்தில் லிஸ்மோர் கோட்டையும் வந்து சேர்ந்தது. அயர்லாந்து நிலத்தை உள்நாட்டுப் பணம் என்று சொன்னால் ஐரிஷ்காரர்கள் சண்டைக்கு வருவார்கள், அது வேறு கதை.

இந்தியப் பணத்தில் வாங்கிய, கட்டிய மாளிகைகள் வேறு இருக்கின்றன. சென்னை ஜார்ஜ் கோட்டையின் கவர்னராக 1698 முதல் 1709 வரை இருந்த தாமஸ் பிட், அங்கே ஒரு பெரிய வைரக்கல்லை வாங்கினார். அதை 1717-இல் பிரான்ஸுக்கு 1,35,000 பவுண்டுக்கு விற்று, கார்ன்வாலில் பொகொனக் என்ற எஸ்டேட்டை வாங்கினார். அவருடைய பேரனும் கொள்ளுப்பேரனும் பிரிட்டிஷ் பிரதமர்கள் ஆனார்கள். பெர்க்ஷயரில் இருக்கும் பேசில்டன் பார்க், வங்காளத்தில் சம்பாதித்த பிரான்சிஸ் சைக்ஸ் கட்டியது. கிளைவ் கிளேர்மான்ட் எஸ்டேட்டை வாங்கி, இருந்த வீட்டை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டினார். கோபப்பட வேண்டுமானால் அங்கெல்லாம் போய்ப் படலாம். இந்தியாவிலிருந்து சாட்ஸ்வொர்த்துக்கு வந்தது முக்கியமாகச் செடிகள், அதைக் கீழே சொல்கிறேன்.

இந்தப் புல்வெளி, ஆறு, மரக்கூட்டம் எல்லாம் இயற்கையாக இருந்ததா?

இயற்கை மாதிரி இருக்கிறது என்று நீங்கள் சொல்வதுதான் அதை அமைத்தவருக்குக் கிடைத்த சம்பளம். முதலாம் டியூக் காலத்தில் இங்கே கோடு போட்டதுபோல் பாத்திகள், வெட்டிச் செதுக்கிய செடிகள், நேர்க்கோட்டு நடைபாதைகள், எல்லாம் பிரெஞ்சு பாணி. தெற்கே பார்வையை மறைத்த ஒரு மேட்டை வெட்டி எடுத்துவிட்டு, 1702-இல் நீண்ட குளம் தோண்டினார்கள்.

நாலாம் டியூக் காலத்தில் மோஸ்தர் மாறிவிட்டது. அவர் 1756-57-இல் கொஞ்ச காலம் பிரதமராகவும் இருந்தவர். லான்சலாட் பிரவுன் என்ற நிலத்தோட்ட வல்லுநரை வரவழைத்தார். எந்த இடத்தைப் பார்த்தாலும் ‘நிறைய கேப்பபிலிட்டி இருக்கிறது’ என்று சொல்வாராம், அதனால் ‘கேப்பபிலிட்டி பிரவுன்’ என்றே பெயர் நிலைத்தது. அவர் பாத்திகளை அழித்துப் புல் விதைத்தார். ஆற்றின் போக்கைத் திருத்தினார். மரங்களைக் கொத்துக் கொத்தாக நட்டார், யாரும் நடாததுபோல் தெரியும்படி. ஜேம்ஸ் பெய்ன் என்பவர் பாலத்தைச் சற்றுக் கோணலான இடத்தில் கட்டினார், வண்டியில் வரும்போது வீடு நேராக முகத்தில் அடிக்காமல் மெல்லத் திரும்பி வந்து நிற்கும்.

எனக்குப் பிரவுன்மேல் ஒரு மனத்தாங்கல் உண்டு. அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த அழகுக்கு எதிரே ஓர் ஊர் இருந்தது.

ஊரையே நகர்த்தினார்கள் என்பது உண்மையா?

உண்மை. எழுதுவது எடென்சர், சொல்வது ‘என்சர்’. ஆற்றுக்கு அந்தப் பக்கம், வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்தால் தெரியும் இடத்தில் இருந்த கிராமம். நாலாம் டியூக் காலத்தில் கண்ணில் படும் வீடுகளை எடுக்கத் தொடங்கினார்கள். 1838-க்கும் 1842-க்கும் இடையில் ஆறாம் டியூக் மிச்சத்தையும் இடித்து, ஒரு மேட்டுக்குப் பின்னால் புதிய கிராமமாகக் கட்டிக்கொடுத்தார்.

புது ஊருக்குள் நடந்து பார்த்தால் சிரிப்பு வரும். ஒரு வீடு சுவிட்சர்லாந்து மலைவீடு மாதிரி, அடுத்தது இத்தாலியக் கோபுரம் வைத்தது, இன்னொன்று சின்னக் கோட்டை. பழைய ஊரில் ஒரே ஒரு வீட்டை மட்டும் இடிக்காமல் விட்டார்கள். பூங்கா நடுவில் தனியாக, தோட்டச்சுவர் சுற்றிய அந்த வீடு இன்னும் நிற்கிறது. ஏன் விட்டார்கள் என்பதற்கு ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள்.

ஜார்ஜியானா யார்? படமெல்லாம் எடுத்தார்களே?

ஐந்தாம் டியூக்கின் மனைவி. இளவரசி டயானா பிறந்த ஸ்பென்சர் குடும்பத்துப் பெண். 1774-இல், பதினேழு வயதை எட்டும் தறுவாயில் திருமணம். உடை, தொப்பி, சீட்டாட்டம், அரசியல், எல்லாவற்றிலும் லண்டன் அவரைத்தான் பார்த்தது. சூதாட்டக் கடனைக் கணவரிடம் மறைத்து மறைத்தே வாழ்ந்தார். 1784 தேர்தலில் தெருவில் இறங்கி ஓட்டுக் கேட்டார், கேலிச்சித்திரக்காரர்கள் விடவில்லை. வீட்டுக்குள் கணவரின் காதலி எலிசபெத் ஃபாஸ்டரும் கூடவே குடியிருந்தார், ஜார்ஜியானா இறந்தபிறகு அவரே டியூக்கின் மனைவியானார். ஆனால் இந்தக் கதையில் பெரும்பகுதி நடந்தது லண்டன் வீட்டில். சாட்ஸ்வொர்த்துக்கு ஜார்ஜியானா தந்த முக்கியமான விஷயம் அவருடைய மகன்.

எங்கே பார்த்தாலும் பாக்ஸ்டன் பாக்ஸ்டன் என்கிறார்களே, அவரும் பிரபுவா?

இல்லை, தோட்டக்காரர். என்னைக் கேட்டால் இந்த இடத்தின் கதாநாயகன் அவர்தான்.

ஜார்ஜியானாவின் மகன் ஆறாம் டியூக். கல்யாணமே செய்துகொள்ளாததால் ‘பிரம்மச்சாரி டியூக்’. லண்டனில் சிசிக் என்ற இடத்தில் அவருக்கு ஒரு வீடு இருந்தது. அதற்கு அடுத்த மனை தோட்டக்கலைச் சங்கத்தின் தோட்டம். அங்கே வேலை பார்த்த ஜோசஃப் பாக்ஸ்டன் என்ற விவசாயி மகனோடு டியூக்குக்குப் பேச்சுப் பழக்கம். 1826-இல் அவரைச் சாட்ஸ்வொர்த்தின் தலைமைத் தோட்டக்காரராக நியமித்துவிட்டு, டியூக் ரஷ்யாவுக்குக் கிளம்பிப் போய்விட்டார். பாக்ஸ்டனுக்கு வயது 22.

முதல் நாளைப் பற்றி பாக்ஸ்டன் பின்னால் சொன்னது இது. இரவு முழுக்கக் கோச்சு வண்டியில் வந்து, விடியற்காலை நாலரை மணிக்குச் சேர்ந்தார். கேட் பூட்டியிருந்தது. சுவரேறிக் குதித்தார். தோட்டத்தைச் சுற்றிப் பார்த்தார். ஆறு மணிக்கு வந்த ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுத்தார். நீரூற்றுகளைத் திறந்துவிடச் சொல்லிப் பார்த்தார். பிறகு வீட்டு நிர்வாகி அம்மாவோடும் அவருடைய உறவுப் பெண் சேராவோடும் காலை உணவு. சாப்பிட்டு முடிப்பதற்குள் இருவருக்கும் பிடித்துப்போயிற்று, அடுத்த வருடம் கல்யாணம். முதல் நாள் காலை ஒன்பது மணிக்குள் இவ்வளவும் முடிந்துவிட்டது.

டியூக்கும் அவரும் சேர்ந்து உலகம் முழுக்கச் செடிகளுக்கு ஆள் அனுப்பினார்கள். ஜான் கிப்சன் என்ற இளம் தோட்டக்காரர் 1835-இல் கல்கத்தாவுக்குக் கப்பலேறி, அங்கிருந்து காசி மலைக்குப் போய் ஆர்க்கிட் வகைகளை மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்தார். காசி என்றதும் வாரணாசி என்று நினைக்காதீர்கள், இது மேகாலயா. எல்லோரும் திரும்பி வரவில்லை. வட அமெரிக்காவுக்கு அனுப்பிய வாலஸ், பேங்க்ஸ் என்ற இரண்டு பேர் 1838-இல் கொலம்பியா ஆற்றில் படகு கவிழ்ந்து மூழ்கிப்போனார்கள். கண்ணாடி வீட்டுக்குள் பூத்த பூவைப் பார்க்கும்போது அந்த இருவர் நினைவும் எனக்கு வரும்.

பெரிய கண்ணாடி மாளிகை இருந்ததாமே, எங்கே அது?

இடித்துவிட்டார்கள். 1836-இல் தொடங்கிக் கட்டியது. 277 அடி நீளம், 123 அடி அகலம். அன்றைக்கு உலகத்தில் இதைவிடப் பெரிய கண்ணாடிக் கட்டடம் கிடையாது. உள்ளே வாழை, பனை வகைகள், வெப்பநாட்டு மரங்கள். 1843-இல் விக்டோரியா ராணி வந்தபோது 12,000 விளக்கு ஏற்றி, குதிரைவண்டியிலேயே உள்ளே ஓட்டிப் போனார்கள்.

இங்கிலாந்துக் குளிரில் வெப்பநாட்டு மரத்தை உயிரோடு வைப்பது லேசா? எட்டு பாய்லர், ஏழு மைல் நீளத்துக்கு வெந்நீர்க் குழாய். நிலக்கரி வண்டி கண்ணில் படக்கூடாது என்பதற்காகத் தரைக்கடியில் சுரங்கம் வெட்டித் தண்டவாளம் போட்டார்கள். முதல் உலகப்போரில் கரிக்குத் தட்டுப்பாடு, சூடேற்ற முடியவில்லை, மரங்கள் செத்தன. 1920-இல் வெடி வைத்துத் தகர்த்தார்கள். ஒரு வெடிக்கு மசியவில்லையாம். இன்று அதன் அடிச்சுவர்கள் மட்டும் இருக்கின்றன, நடுவில் 1962-இல் நட்ட யூ மரப் புதிர்ப்பாதை. குழந்தைகள் உள்ளே ஓடித் தொலைந்துபோய்க் கத்துவார்கள், பயப்பட வேண்டாம்.

பம்பே இல்லாமல் நீரூற்று இவ்வளவு உயரம் எப்படிப் போகிறது?

தோட்டத்துக்கு மேலே மேட்டுநிலத்தில் 8 ஏக்கரில் ஓர் ஏரி வெட்டியிருக்கிறார்கள். காட்டு ஓடைத் தண்ணீரைச் சேர்ப்பதற்காக. ஏரிக்கும் கீழே குளத்துக்கும் சுமார் 350 அடி உயர வித்தியாசம். இரும்புக் குழாயில் இறங்கி வரும் தண்ணீர், கீழே குறுகலான வாய் வழியாக வெளியேறும்போது ஏறக்குறைய இறங்கிய உயரத்துக்கே ஏறப் பார்க்கும். குழாயின் உராய்வும் காற்றும் கொஞ்சம் பிடித்துக்கொள்ளும். அப்படியிருந்தும் 296 அடி வரை போனதாகப் பதிவு இருக்கிறது. நம் மேல்நிலைத் தொட்டியும் குழாயும்தான், அளவு மட்டும் வேறு. வால்வை மெதுவாகத்தான் திறக்க வேண்டும், சட்டென்று திறந்தாலும் மூடினாலும் அழுத்தத்தில் குழாய் வெடித்துவிடும்.

இதற்குப் பெயர் ‘எம்பரர்’. ரஷ்யச் சக்கரவர்த்தி முதலாம் நிக்கோலஸ் 1844-இல் இங்கிலாந்து வருகிறார், சாட்ஸ்வொர்த்துக்கும் வருவார் என்ற நம்பிக்கையில் பாக்ஸ்டன் ஆறே மாதத்தில், இரவில் தீப்பந்த வெளிச்சத்தில்கூட வேலை வாங்கி, இதை முடித்தார். சக்கரவர்த்தி இங்கிலாந்துக்கு வந்தார். சாட்ஸ்வொர்த்துக்கு வரவில்லை. நீரூற்றுக்குப் பெயர் மட்டும் அவருடையதாகவே நின்றுவிட்டது. பின்னால் 1893-இல் அதே தண்ணீரை டர்பைனில் விட்டு வீட்டுக்கு மின்சாரம் எடுத்தார்கள். அந்தத் தண்ணீரை வைத்துச் செய்ததில் உருப்படியான வேலை இதுதான் என்பார் என் அத்தை. கணவர் மின்வாரியத்தில் இருந்தவர்.

படிக்கட்டில் வழியும் அருவியும் அவர் செய்ததா?

இல்லை, அது முதலாம் டியூக் காலம். கிரில்லே என்ற பிரெஞ்சுக்காரர் 1696-இல் அமைத்து, 1701-இல் பெரிதாக்கியது. 24 படித்தொகுதிகள், ஒவ்வொன்றின் வெட்டும் கொஞ்சம் வேறு, அதனால் தண்ணீர் விழும் சத்தமும் படிக்குப் படி மாறும். மூன்று நூற்றாண்டுக் கல் என்பதால் கசிவும் மராமத்தும் உண்டு, தண்ணீர் ஓடுகிறதா என்று போகும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

அதே காலத்தில் செம்பில் ஒரு வில்லோ மரமும் செய்து வைத்தார்கள். இன்று இருப்பது பிற்காலத்து மாற்று மரம். தூரத்தில் நிஜ மரம்தான். கீழே போய் நின்றால் கிளைகளிலிருந்து தண்ணீர் பீய்ச்சும். 1832-இல் பதின்மூன்று வயது விக்டோரியா இதைப் பார்த்து ரசித்திருக்கிறார்.

அல்லி இலையைப் பார்த்து கிரிஸ்டல் பேலஸ் கட்டினார் என்பது கதையா?

பெரும்பாலும் உண்மை. தென் அமெரிக்க ராட்சத அல்லி இங்கிலாந்தில் யாருக்கும் பூக்கவில்லை. கியூ தாவரவியல் பூங்காவிலிருந்து ஒரு செடியை 1849 ஆகஸ்டில் பாக்ஸ்டன் வாங்கிவந்தார். வெந்நீர்த் தொட்டி, தண்ணீரை அலைக்க ஒரு சின்னச் சக்கரம், நவம்பரில் பூத்துவிட்டது. கியூவில் இருந்தவர்கள் முகம் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். இலையின்மேல் தன் சின்ன மகள் ஆனியை நிற்க வைத்தார், தாங்கியது. திருப்பிப் பார்த்தால் அடியில் ஆரம் ஆரமாகக் கனத்த நரம்பு, குறுக்கே மெல்லிய நரம்பு. அதே கணக்கில் அல்லிக்கு ஒரு கண்ணாடி வீடு. அதையே பெரிதாக்கி 1851 லண்டன் பொருட்காட்சிக்கு கிரிஸ்டல் பேலஸ். நம் கோஹினூர் வைரத்தை முதன்முதலில் வெள்ளைக்காரப் பொதுமக்களுக்குக் காட்சிக்கு வைத்தது அந்தக் கட்டடத்தில்தான். தோட்டக்காரருக்கு ‘சர்’ பட்டம் கிடைத்தது, பிறகு எம்.பி.யும் ஆனார்.

வாழைப்பழத்துக்கும் இந்த வீட்டுக்கும் என்ன சம்பந்தம்?

இங்கிலாந்து சூப்பர் மார்க்கெட்டில் மஞ்சளாக அடுக்கியிருக்கும் வாழைக்குப் பெயர் கேவண்டிஷ். அந்தக் கேவண்டிஷ் இந்தக் கேவண்டிஷ்தான்.

தென்சீனத்து வாழை மொரீஷியஸ் தீவுக்குப் போய், அங்கிருந்து இங்கிலாந்துக்கு வந்தது. 1829-30 வாக்கில் ஒரு நர்சரிக்காரரிடமிருந்து பாக்ஸ்டன் கன்று வாங்கினார். கண்ணாடி வீட்டில் வளர்த்தார். 1835 நவம்பரில் பூ தள்ளியது, அடுத்த கோடையில் தாரில் பழம். தோட்டக்கலைச் சங்கத்தில் பதக்கம். முதலாளியின் குடும்பப் பெயரையே வைத்தார்: ‘மூசா கேவண்டிஷி’. பிறகு ஜான் வில்லியம்ஸ் என்ற பாதிரியார் இங்கிருந்து கன்றுகளைப் பசிபிக்கில் சமோவா தீவுக்குக் கொண்டுபோனார். அங்கிருந்து சுற்றுவட்டாரத் தீவுகளுக்கெல்லாம் பரவியது.

அப்போது உலகச் சந்தையை ஆண்டது குரோ மிஷேல் என்ற வேறு ரகம். பனாமா வாடல் நோய் அதைத் தோட்டம் தோட்டமாகக் காலி செய்தது. 1950-களுக்குப் பிறகு அந்த இடத்துக்குக் கேவண்டிஷ் வகைகள் வந்தன. விதை கிடையாது, பக்கக்கன்றுதான், ஆகவே எல்லாம் ஒரே அச்சு. வாழையடி வாழை என்பதை நாம் வாழ்த்தாகச் சொல்கிறோம், நோய்க்கு அதைவிட வசதி வேறில்லை. புதிய வகை வாடல் நோய் இப்போது கேவண்டிஷையும் தாக்கிக்கொண்டிருக்கிறது.

சென்னைக் கடையில் ‘மோரிஸ்’ என்று கேட்டு வாங்கும் பச்சைப் பழம் இதே குட்டைக் கேவண்டிஷ் ரகம்தான். மொரீஷியஸ் என்பதுதான் தேய்ந்து மோரிஸ் ஆனதோ என்று எனக்குத் தோன்றும். தேனி பக்கம் ஏக்கர் கணக்கில் போடும் ஜி-9-உம் கேவண்டிஷ் குடும்பமே. நம்மூர் மோரிஸ் சாட்ஸ்வொர்த்திலிருந்து வந்தது என்று சொல்லவில்லை. பெயர் சூட்டிய இடம் இது, அவ்வளவுதான். இதைச் சொன்னதும் ஊரில் வாழை போடும் என் நண்பன் ஒருவன், “எங்க அப்பா நாற்பது வருஷமா ஒரு பிரபு பேரைத் தலையில சுமந்திருக்காரா?” என்றான்.

உலகப்போரில் என்ன ஆனது?

ராணுவம் எடுத்துக்கொள்வதற்கு முன்னால் டியூக் முந்திக்கொண்டார். 1939-இல் வேல்ஸிலிருந்து பென்ரோஸ் என்ற பெண்கள் பள்ளியைக் குடியேற்றினார். சிப்பாய்களைவிடப் பள்ளிப் பெண்கள் வீட்டைக் குறைவாகத்தான் பாழாக்குவார்கள் என்பது கணக்கு. சுமார் 300 பேர். அலங்கார அறைகளில் வரிசையாக இரும்புக் கட்டில்கள். 1946 வரை இருந்தார்கள்.

அப்புறம் வரியில் மூழ்கிப்போனதாகச் சொல்கிறார்களே?

பத்தாம் டியூக் சொத்தை முன்கூட்டியே மகன் பேருக்கு மாற்றினார். எழுதிக்கொடுத்து ஐந்து வருடம் உயிரோடு இருந்தால் வாரிசு வரி கிடையாது. 1950 நவம்பரில், கெடு முடியச் சில மாதங்களே இருக்கும்போது, விறகு வெட்டிக்கொண்டிருந்தவர் மாரடைப்பில் விழுந்தார். வயது 55. வரி 80 சதவீதம். இறக்கும்போது உடனிருந்த மருத்துவர், பிற்பாடு வேறொரு நோயாளியைக் கொன்றதாக வழக்கில் சிக்கி விடுதலையானவர் என்பதால், ஊர் வாய் இன்னும் ஓயவில்லை.

கடனைத் தீர்க்க நிலம் விற்றார்கள். பெஸ் ஆசையாகக் கட்டிய ஹார்ட்விக் மாளிகையையே அரசிடம் கொடுத்தார்கள், இப்போது அது பழைய மாளிகைகளைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் வசம். ஹோல்பைன் தீட்டிய எட்டாம் ஹென்றி ஓவியம், ரூபன்ஸ், மெம்லிங் என்று ஒவ்வொன்றாக வீட்டைவிட்டுப் போயின. பதினோராம் டியூக்கும் மனைவி டெபோராவும் 1959-இல்தான் இங்கே குடிவந்தார்கள். டெபோரா கையில் முட்டைக் கூடையோடு நிற்கும் பெண்மணி, ஆனால் வியாபாரம் தெரிந்தவர். 1977-இல் பண்ணைக் கடை திறந்தார், அது இன்றும் ஓடுகிறது.

இப்போது யாருக்குச் சொந்தம்?

1981-இல் ஓர் அறக்கட்டளை அமைத்து, வீட்டையும் தோட்டத்தையும் நீண்ட காலக் குத்தகைக்கு விட்டார்கள். டிக்கெட் பணம் பராமரிப்புக்குப் போகிறது. 2004 முதல் பன்னிரண்டாம் டியூக். தன் முப்பாட்டன் கட்டிய வீட்டில் இருக்க அறக்கட்டளைக்கு வாடகை கொடுக்கிறது குடும்பம். சொந்த வீட்டுக்கு வாடகையா என்று கேட்காதவர் யாருமில்லை.

சினிமாவில் பார்த்த வீடு இதுதானா?

2005-இல் வந்த ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ படத்தில் கதாநாயகன் டார்சியின் பெம்பர்லி மாளிகையாக வருவது இதுதான். சிலைக்கூடக் காட்சியும் இங்கேயே எடுத்தது. ஆனால் படத்துக்கு மூலமான ஜேன் ஆஸ்டின் நாவலில் கதாநாயகி சுற்றுலா போகும் இடங்களில் சாட்ஸ்வொர்த் என்ற பெயர் தனியாகவே வருகிறது. ஆகவே புத்தகத்துப் பெம்பர்லி வேறு.

ஒரு நாள் போதுமா? எதை விடக்கூடாது?

போதும், காலையிலேயே வந்தால். மதியம் வரை வீடு, பிறகு தோட்டம். இட்லியும் புளியோதரையும் கட்டிக்கொண்டு வந்தால் பூங்காப் புல்வெளியில் உட்கார்ந்து சாப்பிடலாம், செம்மறியாடு பக்கத்தில் வந்து நிற்கும், கொடுக்காதீர்கள்.

கிளம்பும்போது எடென்சர் தேவாலயத்தில் பத்து நிமிடம் நில்லுங்கள். கென்னடியின் தங்கை கேத்லீன் இங்கே அடக்கம். 1944 மே மாதம் இந்த வீட்டு வாரிசை மணந்தார், செப்டம்பரில் அவர் போரில் இறந்தார், 1948-இல் கேத்லீனும் விமான விபத்தில் போனார். 1963 ஜூனில் ஜனாதிபதி கென்னடி வந்து நின்ற கல்லறை. அதே வரிசையில் டியூக்குகளும் இருக்கிறார்கள், எளிமையான கற்கள், பெயரைத் தேடித்தான் படிக்கவேண்டும். கீழே இறங்கி வந்தால் பெரிதாக, கண்ணை மறைப்பதுபோல் ஒரு சமாதி. எல்லோரும் அதைத்தான் டியூக் என்று நினைத்துப் படம் எடுப்பார்கள். அது பாக்ஸ்டன்.